உண்ணி இல்லாத ஊர்

ஜில்லா உண்ணி ஒழிப்பு இலாகா ஏற்பட்ட வருஷத்தில் நொச்சிக்காட்டுப்பட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகளும், அவற்றின் மேல் ஆறாயிரத்து நானூறு உண்ணிகளும் இருந்தன. மாடுகளை எண்ணியது ஊர்க் கர்ணம். உண்ணிகளை எண்ணியது இலாகா. ஒன்றரை வருஷத்தில் உண்ணிகளின் எண்ணிக்கையை இலாகா பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. மாடுகளின் எண்ணிக்கை என்ன ஆயிற்று என்று கர்ணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் அவருக்கும் இல்லை.

இது 1936இல், ராசிபுரத்துக்குத் தெற்கே தொடங்கிற்று. ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தில் இலாகா ஒரு நீளமான தொட்டி கட்டிற்று. ஒரு முனையில் மாட்டைத் தள்ளினால் கழுத்தளவு மருந்துத் தண்ணீரில் நீந்தி மறுமுனையில் கரையேறும். புதன்கிழமைதோறும் ஊர் மாடுகள் அத்தனையும் இப்படி முங்கி எழ வேண்டும் என்று உத்தரவு. மாதம் ஒரு தடவை தொட்டியைக் காலி செய்து புது மருந்து கலக்க வேண்டும். பழைய தண்ணீரை என்ன செய்வது? இலாகாவின் கையேட்டில் அதற்கும் வழி இருந்தது: ‘அருகிலுள்ள மிகத் தாழ்ந்த இடத்தில் விட்டுவிடவும்.’

இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் கையேட்டில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்கிறவர். சங்கிலி பிடித்து இரண்டு நாள் அளந்து மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அது ஊர்க் குட்டை. தொட்டியிலிருந்து குட்டைக்கு நேராக ஒரு வாய்க்கால் வெட்டி, இரு கரையிலும் வெள்ளையடித்த கற்களை நட்டார். ஊர் மாடுகள் தண்ணீர் குடிப்பது அந்தக் குட்டையில்தான். மாடுகள் எங்கே தண்ணீர் குடிக்கின்றன என்ற கேள்வி கையேட்டில் இல்லை.

மணியனுக்கு ஆறு ஏக்கர் புஞ்சை. மயிலை, காரி என்று இரண்டு எருதுகள், செவலை என்று ஒரு பசு. ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத மனிதன். சாப்பிடும்போதே பாதியில் எழுந்து போய்க் கட்டுத்தாரையைப் பார்த்துவிட்டு வருவான். மாடுகள் அசைபோடுகின்றனவா என்று பார்ப்பது ஒரு வேலையா என்று அவன் மனைவி சென்னியம்மாள் கேட்பாள். அது ஒரு வேலைதான் என்பது பிறகு தெரிந்தது.

தொட்டி திறந்த முதல் இரண்டு மாதம் மாடுகளின் மேனி எண்ணெய் தடவியது போல மின்னிற்று. இன்ஸ்பெக்டர் அதை இலாகாவின் சாதனை என்று எழுதி அனுப்பினார். பிறகு மினுமினுப்புப் போய் மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றது. கண்ணில் நீர் வடிந்தது. மாடுகள் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. கழிசல் நிற்கவில்லை. செவலை ஆறு மாசச் சினையிலேயே கன்றைப் போட்டது. அது மூச்சு விடவில்லை. ஏர் கட்டினால் மயிலை நாலு சால் ஓடுவதற்குள் முன்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடும்.

அடுத்த புதன்கிழமை மணியன் செவலையைத் தொட்டிக்கு ஓட்டிவந்து இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தினான்.

“சாமி, மாடு தின்ன மாட்டேங்குதுங்க. கழியுது. வாயைத் தொறந்தா வெத்தலை போட்டாப்பல செவந்து கெடக்குதுங்க. ஒருக்கா பாருங்க.”

வெங்கடாசலம் பூதக்கண்ணாடியை எடுத்தார். காது மடல், வாலடி, தொடையிடுக்கு எல்லாவற்றையும் கால் மணி நேரம் பார்த்தார். மணியன் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“ஒன்றுகூட இல்லை” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என்னங்க ஒண்ணுகூட இல்லீங்க?”

“உண்ணி. இந்த மாடு சுகமாக இருக்கிறது.”

“நிக்க முடியலீங்களே.”

“நிற்பது எங்கள் இலாகாவில் வராது.” வெங்கடாசலம் கோபக்காரர் அல்ல. கண்ணாடியைத் துடைத்தபடியே பொறுமையாக விளக்கினார். “இதோ பார். மாட்டை மாடாகப் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. வயிறு, குளம்பு, கண், கன்று என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் யோசித்து மேல்தோலை மட்டும் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மேல்தோலிலும் உண்ணி உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும். உண்ணி இல்லாத இடத்தில் நான் கை வைத்தால் அது அத்துமீறல்.”

“அப்ப யாருகிட்டீங்க சொல்றது?”

“மனுப் போடு.”

மறுநாளே சேலத்துக்கு ஓடினான். இலாகா ஆபீசில் ஒரே ஒரு மனுப் படிவம்தான் இருந்தது. அதன் பெயர் ‘உண்ணித் தொந்தரவு மனு’. எத்தனை உண்ணிகள் என்ற இடத்தில் ஒன்றுமில்லை என்று மணியன் சொன்னதும் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பூஜ்யம் போட்ட மனு உள்ளே போகாதாம். “நாலு என்று போடட்டுமா?” என்று அவரே இரக்கப்பட்டுக் கேட்டார். மாடு பிழைத்தால் போதும் என்று மணியன் தலையாட்டினான்.

அந்த மனு மாதிரி வேகமாக நடவடிக்கை எடுக்கப்பட்ட மனு இலாகாவின் சரித்திரத்தில் இல்லை. ஒன்பதாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. நொச்சிக்காட்டுப்பட்டியில் நாலு உண்ணிகள் மறுபடி தலைகாட்டியிருப்பதால் இனிமேல் சனிக்கிழமையும் மாடுகளை முக்க வேண்டும். மருந்தின் காரத்தை ஒரு மடங்கு கூட்ட வேண்டும். தொட்டியை மாதம் இரண்டு தடவை காலி செய்ய வேண்டும்.

“நீ போயி நல்லாத்தான் மனுக் குடுத்துட்டு வந்தே, பங்காளி” என்றான் கந்தப்பன். தொட்டிக்கும் மேலே, மேட்டின் உச்சியில் தோட்டம் வைத்திருப்பவன். ஊரில் வேறு யாரும் மணியனோடு பேசவில்லை.

இரண்டு முறை தொட்டி காலியான பிறகு ஒரு காலையில் மயிலை எழுந்திருக்கவில்லை. சென்னியம்மாள் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கஞ்சியை ஊற்றிப் பார்த்தாள். கடைவாயில் வழிந்துவிட்டது. மணியன் கட்டுத்தாரைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். “நாலுன்னு போட நாந்தானே தலையாட்டினேன்” என்று அவன் முணுமுணுக்க, அவள் எருதின் கடைவாயைத் துடைத்துவிட்டாள்.

செத்த எருதின் தோலை எடுக்க ஆட்டையாம்பட்டியிலிருந்து உசேன் வந்தார். சந்தை சந்தையாகப் போய்த் தோல் வாங்கிச் சேலத்தில் பதனிடும் ஷாப்புகளுக்குப் போடுகிறவர். மயிலையின் முதுகில் கை வைத்தார். மயிர் கற்றையாகக் கையோடு வந்தது. அவர் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

“என்ன பாய்?” என்றான் மணியன்.

“மணியண்ணா, ஷாப்புலே தோல்லேருந்து முடியை உதிர்க்கறதுக்கு என்ன போடுவோம் தெரியுமா? சுண்ணாம்போட பாஷாணம். தொட்டியிலே ரெண்டு மூணு நாள் ஊறினாத்தான் முடி இப்படிக் கையிலே வரும். உங்க எருது உசுரோட நிக்கையிலேயே ஊறியிருக்குது. இந்தத் தோல் எனக்கு வேண்டாம். நீங்களும் ஆழமாப் பொதைச்சுடுங்க.”

“பாஷாணத்துக்கு நாங்க எங்க போவோம்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

இருவரும் மேட்டுக்கு நடந்தார்கள். தொட்டிக் கொட்டகையில் காலியான தகரப் பீப்பாய்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பக்கவாட்டில் மண்டையோடு வரைந்திருந்தது. மண்டையோட்டைப் பார்த்து மாடுகள் மிரளக்கூடாது என்று மேலே ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்திருந்தார் இன்ஸ்பெக்டர். உசேன் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இதேதான். எங்க ஷாப்புக் கிடங்கிலே இதைப் பூட்டி வெப்பாங்க.”

“ஆனா கந்தப்பன் மாடும் இதுலதான் முங்குது பாய். அதுக்கு ஒண்ணும் ஆகலியே. மழமழன்னு நிக்குது.”

“அவரு மாடு எங்கே தண்ணி குடிக்குது?”

“அவன் கெணத்துல. கெணறு இங்கிருந்து மேக்கால...” சொல்லிக்கொண்டே வந்த மணியன் வெள்ளைக் கற்களைப் பார்த்தான். அவை வரிசையாக இறங்கிப் போய் முடியும் இடத்தைப் பார்த்தான். அடுத்த கணம் ஓட ஆரம்பித்துவிட்டான்.

குட்டையில் அந்த நேரம் முப்பது மாடுகள் நின்றன. மணியன் தலைத்துண்டைச் சுழற்றிக் கத்திக்கொண்டு அவற்றை விரட்டினான். எருது செத்ததில் மணியனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். வேறு எங்கே தண்ணீர் காட்டுவது என்று கேட்டார்கள். பங்குனி மாசம். மணியன் கந்தப்பனிடம் போனான். “என்ற கெணத்துல ஊரு மாட்டுக்கே தண்ணி ஊறுமா பங்காளி?” என்று அவன் தயங்கி, மணியன் மாட்டுக்கு மட்டும் சம்மதித்தான். மணியன் செவலையையும் காரியையும் மட்டும் அங்கே பிடித்துக் கட்டிவிட்டு, குட்டைத் தண்ணீரை ஒரு சீசாவில் மொண்டு, தக்கை அடித்து, மறுபடி சேலத்துக்குப் போனான்.

இந்தத் தடவை மேலதிகாரி ஒருவரே அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். மேஜையில் சீசா இருந்தது.

“இது என்ன?”

“எங்க ஊருக் குட்டைத் தண்ணீங்க.”

அதிகாரி ஊர்ப் படத்தை விரித்துப் பார்த்தார். “உங்கள் ஊரில் குட்டை இல்லையே. இங்கே ‘தாழ்ந்த இடம், எண் பதினாலு’ என்றுதான் இருக்கிறது. தாழ்ந்த இடத்தில் இருப்பது தண்ணீர் அல்ல, கழிவு.”

“மாடு அதைத்தானுங்க குடிக்குது.”

“கழிவைக் குடிக்கும்படி எந்த மாட்டுக்கும் இலாகா உத்தரவு போடவில்லை. சரி, இதில் என்ன இருக்கிறது என்கிறாய்?”

“உங்க மருந்துங்க. பாஷாணம்.”

“நிச்சயமாக?”

“சத்தியமாங்க.”

“அப்படியானால் இது இலாகாவின் சொத்து. அனுமதியில்லாமல் எடுத்து வந்திருக்கிறாய். இல்லை, வெறும் தண்ணீர்தான் என்றால் சொல்லிவிடு. வெறும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டியதில்லை, நீ வீட்டுக்குப் போகலாம்.”

மணியன் அந்த இரண்டு வழியையும் யோசித்தான். இரண்டும் ஒரே சுவரில்தான் போய் முட்டின. “வெறும் தண்ணீங்க” என்றான். அதிகாரி சீசாவை ஜன்னலுக்கு வெளியே இருந்த ரோஜாச் செடியில் கவிழ்க்கச் சொன்னார்; சீசாவை மட்டும் திருப்பிக் கொடுத்தார். இலாகா யார் சொத்தையும் வைத்துக்கொள்ளாது.

சித்திரையில் ‘உண்ணி வாரம்’ வந்தது. ஜில்லாவிலேயே ஓர் உண்ணிகூட இல்லாத முதல் ஊர் என்று நொச்சிக்காட்டுப்பட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. குட்டைக் கரையில் பந்தல் போட்டார்கள். சென்னையிலிருந்து டைரக்டரே வந்தார். உண்ணியில்லாத மாடு ஒன்றுக்கு மாலை போட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஊரில் அப்போது எண்பத்தொரு மாடுகள் மிச்சம். அவற்றில் விழாவுக்கு நிற்கக்கூடியது எது என்று இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் தேடினார். கந்தப்பன் தன் மாடுகளை மாமனார் ஊருக்கு ஓட்டிவிட்டான். கடைசியில், மேட்டுக் கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் தேறியிருந்த செவலையைப் பிடித்து வந்தார்கள். அதன் முதுகில் பாதிக்கு மேல் மயிர் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று தாங்கிக்கொண்டார்கள்.

டைரக்டர் பேசினார்: “மகா ஜனங்களே! இந்தப் பசுவின் மேனியைப் பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்ள ஒரு ரோமம்கூட இல்லை! இலாகாவின் லட்சியம் இதுதான். சில கிராமங்களில் மாடு குறைகிறது என்று முணுமுணுக்கிறார்கள். மாடு குறைந்தால் என்ன? மாடு எங்கே குறைகிறதோ அங்கே உண்ணிக்கு இடமும் குறைகிறது. இந்த உண்மையை இலாகா ஒன்றரை வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு கண்டறிந்தது. ஒரு நாள் வரும். அன்று இந்த ஜில்லா முழுவதும் தேடினாலும் உண்ணி உட்கார ஒரு மாடு கிடைக்காது. அந்தப் பொன்னாளை நோக்கி நாம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம்!”

கைதட்டச் சொன்ன இடத்தில் கைதட்டினார்கள். மாட்டுக்காரர் நன்றி சொல்ல வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மணியனை முன்னால் தள்ளினார். மணியன் குட்டையில் இறங்கி ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து டைரக்டர் முன்னால் நீட்டினான்.

“சாமி, பேச எனக்குத் தெரியாதுங்க. வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் குடிங்க.”

வெங்கடாசலம் பாய்ந்து வந்து டைரக்டரின் காதில் ஏதோ சொன்னார். டைரக்டரின் முகம் ஒரு நிமிஷம் மாறிற்று. பிறகு மலர்ந்தது.

“கிராமத்தில் யார் கையிலும் எதையும் வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது எங்கள் இலாகாவின் விதி. ஒரு வாய்த் தண்ணீரைக்கூட லஞ்சமாகக் கருதி மறுக்கும் ஒரே இலாகா இதுதான்!” என்றார். இதற்கும் கைதட்டச் சொன்னார்கள். கார் புறப்பட்டுப் போயிற்று.

பந்தல் கீற்றைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே சென்னியம்மாள் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனாள். மணியன் பின்னாலேயே ஓடினான்.

“எங்கே போறே அம்மிணி?”

“நீங்க சேலத்துக்கு நடந்தது போதுமுங்க. அவிங்க கையேட்டைப் பாத்து வெட்டினாங்க. நான் மாட்டைப் பாத்து வெட்டறேன்.”

வெள்ளைக் கற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாய்க்காலை மண் போட்டு அடைத்தாள். தெற்கே யாரும் போகாத பழைய கல்லுக்குழி ஒன்று இருந்தது. அதை நோக்கிப் புதிதாக வெட்ட ஆரம்பித்தாள். மணியன் கடப்பாரை போட்டான். டைரக்டர் அந்தத் தண்ணீரைத் தொடாததைப் பார்த்த பந்தல்காரர்கள் கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். பிறகு ஊர்ப் பெண்கள். பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் திரும்பிவிட்டது. கடைசியாகக் கந்தப்பன் வந்து நின்றான். யாரையும் நேராகப் பார்க்காமல், “நாளையிலேருந்து மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஓட்டியாங்க. முறை வெச்சுத் தண்ணி எறைச்சு உடறேன்” என்றான்.

இலாகாவின் வாய்க்காலைத் திருப்பிய குற்றத்துக்காக மணியன் மேல் வழக்கு வந்தது. வாய்க்கால் முன்பு எங்கே போயிற்று என்று நிரூபிக்காமல் அது திருப்பப்பட்டது என்று நிரூபிக்க முடியாது. ஆகவே இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

“வாய்க்கால் எதில் போய் விழுந்தது?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“தாழ்ந்த இடம் எண் பதினாலில்.”

“அப்படி என்றால்?”

“ஊர்க் குட்டை, கனம் கோர்ட்டார் அவர்களே.”

“தொட்டியில் கலப்பது என்ன மருந்து?”

“பாஷாணம். முதல் தரம்.” அவர் குரலில் பெருமை ஏறிற்று. “நான் வெட்டிய வாய்க்காலில் ஒரு சொட்டுக்கூட வழியில் சிந்தியது கிடையாது. அத்தனையும் குட்டைக்கே போய்ச் சேர்ந்தது என்று சத்தியமாகச் சொல்வேன்.”

“அந்தக் குட்டையில் எவை தண்ணீர் குடிக்கின்றன?”

“அது என் இலாகாவில் வராது.”

மாஜிஸ்திரேட் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். மணியன் செய்தது சட்டப்படி குற்றம். கோர்ட் கலையும் வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாய்க்காலைப் பழைய இடத்துக்கு யாரும் திருப்பக்கூடாது.

ஐந்து மணி வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான் தன் ஆயுசிலேயே பெரிய தண்டனை என்று மணியன் பிறகு சொல்லுவான். அன்று அவன் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

குட்டையின் தொல்லை தீர்ந்ததும் தொட்டியின் தொல்லையும் தானாகத் தீர்ந்தது. வழக்கில் தான் ஜயித்துவிட்டதாக இலாகா எடுத்துக்கொண்டது. உண்ணி ஒழிந்த ஊரில் தொட்டி எதற்கு என்று அதை மூடி முத்திரை வைத்தார்கள். கூடவே ஒரு உத்தரவு: இன்ஸ்பெக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து சோதிப்பார், ஓர் உண்ணி கண்ணில் பட்டாலும் தொட்டியைத் திறந்துவிட வேண்டியது.

மழை பெய்தது. கிணறு தாங்கிற்று. மாடுகளில் பதினொன்று அதற்குப் பிறகும் செத்தன. மற்றவை ஒவ்வொன்றாகத் தீவனத்தில் வாய் வைத்தன. காரி ஏரில் நடந்தது. செவலையின் முதுகில் பூனை மயிர் மாதிரி மெல்லியதாக முளைத்து, தையில் நன்றாக அடர்ந்துவிட்டது.

ஒரு காலையில் கட்டுத்தாரையிலிருந்து சென்னியம்மாள் கூவினாள். “ஏனுங்க! ஓடியாங்க!”

மாடு விழுந்துவிட்டது என்று நினைத்து மணியன் சோற்றுக் கையோடு ஓடினான். அவள் செவலையின் இடது காதை மடித்துக் காட்டினாள். உள்ளே, ஆமணக்கு விதை மாதிரி உப்பி, ஓர் உண்ணி.

“பாருங்க” என்றாள். “ரத்தம் ஊறியிருக்குதுங்க. இல்லாட்டி இது வந்து ஒட்டுமா?”

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணியன் அந்த உண்ணியைத் தொடக்கூட இல்லை, குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்தார்கள். தங்கள் மாடுகளின் காதைப் பார்க்க ஓடினார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

வெங்கடாசலம் பூதக்கண்ணாடியோடு கட்டுத்தாரைக்குள் வந்தார். செவலையின் வாலடியைப் பார்த்தார், தொடையிடுக்கைப் பார்த்தார், வலது காதைப் பார்த்தார். “இடது காது” என்றார். மணியன் அந்தக் காதை மடித்துக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தான். ஒரு நிமிஷம் நிற்க முடியாத மனிதன் நட்ட கல்லாக நின்றான்.

“காதை விடு. பார்க்க வேண்டும்.”

மணியன் பிடியை இறுக்கினான்.

“அதுலே புண்ணுங்க, சாமி” என்றாள் சென்னியம்மாள். “சீழ் வெச்சிருக்குதுங்க. கொஞ்சம் பாத்து எதாச்சும் மருந்து சொல்லுங்க.”

“புண்ணா?” இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்னால் போனார். “புண் எங்கள் இலாகாவில் வராது.”

நோட்டைத் திறந்து பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் ஒரு மாட்டுக்குக் காதில் புண். அதற்கு அடுத்த வீட்டிலும். ஊர் முழுக்கக் காதுப் புண்ணாக இருக்கிறதே என்று அவர் வியப்படையவில்லை. அதைக் குறித்துக்கொள்ள நோட்டில் இடமும் இல்லை. மத்தியானத்துக்குள் எல்லாப் பூஜ்யத்தையும் கூட்டிப் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

சைக்கிள் மேடு ஏறி மறையும் வரை மணியன் காதை விடவில்லை. பொறுத்துப் பார்த்த செவலை கடைசியில் தலையை ஒரு வெட்டு வெட்டி, அவனைத் தள்ளிவிட்டுத் தீவனத் தொட்டிக்குள் முகத்தை விட்டது.